நாலு எட்டும் ரெண்டும்

பத்து மணி மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் இவரை ஏதாவது ஒன்றில் இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். ஃபிசியோதெரபிக்கு வருகிற மும்தாஜ் இப்போதுதான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். "ஆன்டி, இந்தப் பந்தையே போட்டுப் பிசையச் சொன்னா சாருக்கும் சடவாத்தான இருக்கும். வீட்ல கேரம் போர்டு கெடக்குன்னீங்கல்லா, அதை எடுத்துப் போடுங்க. இந்த வலது கையால ஒவ்வொரு காயா எடுத்து எடுத்து வைக்கட்டும், விரலுக்கு நல்லது" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். நல்ல பிள்ளை, நல்லதைத்தான் சொல்வாள். பீரோவுக்குப் பின்னால் நாலு மாதமாகச் சாய்ந்து கிடந்த போர்டை இழுத்தேன், ஒரு பல்லி முட்டை உருண்டு விழுந்து உடைந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தபடி இவர் பார்க்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி. இடுப்புச் சாரத்தை நான்தான் கட்டிவிட்டேன், இன்றைக்கும் முடிச்சு ஒரு பக்கம் ஏறிவிட்டது. இருபத்தாறு வருஷம் பாளையங்கோட்டையில் பி.டி. சாராக நின்ற மனுஷன். வின்ஃப்ரெட் சார் மைதானத்தில் விசில் ஊதினால் ரோட்டில் போகிற பஸ் பிரேக் போடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். கேலிதான், ஆனால் ஒரு தடவை நானே பார்த்தேன், மினி பஸ் ஒன்று நிஜமாகவே நின்றது. அந்த மனுஷன் இன்றைக்குக் காலையில் இட்லியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூன்று தடவை கீழே விட்டார். நான் ஊட்டப் போனால் முறைக்கிறார். முறைப்பாவது மிச்சம் இருக்கிறதே என்று ஈயை விரட்டிக்கொண்டு நின்றேன்.

பேச்சு வரவில்லை. மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்தில்தான் ரத்தக்குழாய் அடைத்ததாம். மிஞ்சியது டிரில் எண்ணிக்கை மட்டும். ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட். எட்டுக்கு மேல் கிடையாது, மறுபடியும் ஒன். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒன், டூ என்று எட்டு வரைக்கும். ஃபேனைப் போடச் சொல்வதும் ஒன், டூ. தினந்தோறும் வாய் பழகினது வேறு இடத்தில் தங்கியிருக்கும், அது அவ்வளவு லேசில் போகாது என்று டாக்டர் சொன்னார். தினந்தோறும் என்னையும்தான் கூப்பிட்டார், இருபத்தைந்து வருஷமாக, பியூலா, பியூலா என்று, சட்னிக்கு உப்புக் காணாது என்பதற்குக்கூட. அந்தப் பெயர் எந்த இடத்தில் தங்கியிருந்ததோ, அது போய்விட்டது. த்ரீயும் ஃபோரும் இருக்கிறது. நம்பரோடு போய்ப் பொறாமைப்படுகிறாயே என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். பொறாமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னைக் கிடந்து அரிக்கிறது. மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்ததும் வாயை ஆவென்று திறப்பார். நாக்கைத் தூக்கிக் காட்டுவார். இடது கை விரலை விட்டுக் கன்னத்தை ஒதுக்கிக் காட்டுவார், இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். நான் குனிந்து பார்த்துச் 'சரி' என்று சொன்னால்தான் மூடுவார், சொல்லும்வரை எச்சில் ஒழுக ஒழுகத் திறந்தபடி இருப்பார். ஆஸ்பத்திரியில் மாத்திரை விழுங்க ஆரம்பித்த முதல் நாள் தொட்டு இப்படி. நர்ஸ் யாரோ பழக்கிவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக் கேட்டால், "நாங்க அப்படியெல்லாம் சொல்லலியே அக்கா" என்றாள். அப்படியானால் மூளை சின்னப் பிள்ளையாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "தொண்டைக்குழி வரைக்கும் தெரியுது சார், மூடுங்க, ஈ பூந்துரும்" என்று கேலி செய்வேன். கேலி செய்துவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவேன்.

அழுவதற்கு எனக்கு வேறு காரணமும் உண்டு. அது இந்த வீட்டில் கருப்பட்டி டின்னுக்குப் பின்னால், ஒரு கண்ணாடி பாட்டிலில், பாதி தீர்ந்தும் தீராமலும் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள் ஷெரினுக்குத் தெரியாது, எங்கள் அண்ணனுக்குத் தெரியாது, பாவ அறிக்கை சொல்கிற நேரத்தில் கோயிலில் எல்லோரும் தலை குனிந்து நிற்கும்போது ஆண்டவருக்கே நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். மற்ற வாத்தியார்மாரைப் பிடித்து வரிசையில் நிறுத்தப் போன இவருக்குத்தான் பிரஷர் நூற்றெண்பது என்று வந்தது. அன்றைக்கே மாத்திரை. வெள்ளை நிறம், சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் ஒரு கோடு. மறந்துபோவார் என்று அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் வெந்நீர், வாயில் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். பிரஷர் இறங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் இறங்கிவிட்டது, ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. அருகில் வருவார். பிறகு ஒரு நிலையில் அப்படியே நின்றுபோவார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். "மோட்டாரை அமத்தினமான்னு பாத்துட்டு வாறேன்" என்று எழுந்துபோவார். ரெண்டு வருஷமாக அந்த மோட்டாரை அவர் பார்த்த மாதிரி எந்த மெக்கானிக்கும் பார்த்திருக்க மாட்டான். நான் என்னைத்தான் நினைத்தேன். கர்ப்பப்பை எடுத்த தழும்பு, அதற்குப் பிறகு போட்ட சதை, கழுத்தில் விழுந்த கறுப்பு. கண்ணாடியைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். அவர் தன்னை நினைத்திருப்பார். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் தன் தன் குற்றத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தோம், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற எல்லாம் பேசுவோம், ஷெரினுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வாசல் பக்கம் ஓடு மாற்றுவது, சபைக்குப் புதிதாக வந்த ஐயரின் பிரசங்கம் நீளம், எல்லாம்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை பஜாருக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் நின்றேன். முக்காடு போடாத குறை. மூன்று பேர் சாமான் வாங்கிப் போகும்வரை சும்மா மிளகையும் சுக்கையும் விலை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் மைனி மாப்பிள்ளைக்கு வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாருக்கும் மைனி மாப்பிள்ளைக்குத்தான் வேணும்மா" என்றார். லேகியம், காலையும் சாயங்காலமும் பாலில் சுண்டைக்காய் அளவு. பிறகு கேட்டார், "அவருக்கு பிரஷர் உண்டா?" உண்டு என்றால் தரமாட்டாரோ என்று பயம். "இல்ல" என்றேன். அதுதான் முதல் இல்லை. அன்றைக்கே கருப்பட்டிப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். "இதென்ன பாலு, கசக்கு" என்றார். "கருப்பட்டி அப்படி" என்றேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலுக்குக் கிளம்ப சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரையை விடாம எடுத்தாரா?" என்று கேட்டார். "ஒரு நாள் விடல டாக்டர், என் கையால குடுத்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "நாட்டு மருந்து, அது இது, ஏதாவது?" என்றார். "இல்ல" என்றேன். ரெண்டாவது. அந்த லேகியத்தின் சூடுதான் ரத்தத்தில் ஏறி இவர் தலையில் போய் அடித்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நாலு மாதமாக இவருக்கு மலம் எடுத்து, முதுகு துடைத்து, வாய் துடைத்து, ஒவ்வொன்றையும் தண்டனை மாதிரிச் செய்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, பியூலாவைப்போல ஒரு பெண்சாதி கிடைக்குமா என்று ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும், ஆமென் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

போர்டைத் துடைத்து, ரெண்டு ஸ்டூலுக்கு மேல் வைத்து, நாற்காலிக்கு முன்னால் இழுத்துப் போட்டாயிற்று. காய்களைக் கொட்டினேன். இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது, அதாவது இடது பாதி. வலது கையை நானே தூக்கிப் போர்டின் விளிம்பில் வைத்தேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு கறுப்புக் காயைப் பிடிக்கப் பார்த்தன, காய் நழுவியது, மறுபடியும் பிடித்தன. "அப்படித்தான், அப்படித்தான்" என்றேன். காய் சரியாக வழுக்கவில்லை, போர்டு பிசுபிசுவென்று இருந்தது. பவுடர் போட வேண்டும். ஜன்னல் மேடையில் இவருடைய பவுடர் டின் இருந்த இடத்திலேயே இருந்தது, பழைய பால் பவுடர் டின், நாலு மாதமாக நானும் தூசி தட்டுவேன், திறந்து பார்த்ததில்லை. கேரம் எனக்கு ஆகாது, அது இவருடைய சாமான். நான் அதை எடுத்த உடனே, "ஒன்" என்றார். "பொறுங்க" என்றேன். "ஒன், டூ, த்ரீ" என்று அவசர அவசரமாக, இடது கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். "ரெண்டுக்கா?" கோபம் வந்துவிட்டது, போர்டை ஓங்கித் தட்டினார், காயெல்லாம் துள்ளியது. ஃபோர், ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட். என்னவென்று புரிந்தால்தானே. மூடி இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து போர்டின் நடுவில் கொஞ்சம் கவிழ்த்தேன். பவுடரோடு கட்டி கட்டியாக ஏதோ விழுந்தது. மழைக் காலத்தில் ஈரம் பூத்துக் கட்டி பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். நசுக்கிவிடலாம் என்று ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தால், நசுங்கவில்லை. பவுடர் உதிர்ந்தது. நடுவில் ஒரு கோடு.

மாத்திரை எப்படிப் பவுடர் டின்னுக்குள் வந்தது, எலி ஏதும் இழுத்துப் போட்டதா, என்று முட்டாள்தனமாக எலியைத்தான் நினைத்தேன். டின்னை முழுக்கக் கவிழ்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. சிலது வழவழவென்று அப்படியே, சிலது ஓரம் கரைந்து, ஒரு தடவை வாய்க்குள் போய் ஈரமாகித் திரும்பி வந்தது போல. வாய்க்குள் போய். அப்போதுதான் என் கை நின்றது. வாயில் போடுவதைப் பார்த்துவிட்டு நான் நகருவேன். நான் அடுப்படிக்குத் திரும்புவேன், இவர் இந்த ஜன்னல் பக்கம் வந்து, கன்னத்தில் ஒதுக்கியதை இதில் துப்பிவிட்டு, சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார். சாக்கடையில் எறிந்திருக்கலாம், மைதானத்தில் எறிந்திருக்கலாம். ஆனால் உடைந்த விசிலைக்கூடத் தூக்கிப் போடத் தெரியாத மனுஷன். என் விரல் தன்பாட்டுக்கு மாத்திரைகளை வரிசையாக ஒதுக்க ஆரம்பித்தது. ஒன்றை நகர்த்தினேன். "ஒன்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கையை ஆட்டுவதை விட்டுவிட்டார். மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை. இன்னொன்றை நகர்த்தினேன். "டூ." எட்டு ஆனதும் ஒரு வரிசை. அடுத்த வரிசைக்கு மறுபடியும் ஒன். மாணவர்களை வரிசையில் நிறுத்துகிற அதே நிதானம், அதே இடைவெளி, அந்தப் பழைய குரல் மட்டும் இல்லை. நாலு வரிசை முழுசாக நின்றது. அதற்குக் கீழே இன்னும் ரெண்டு. ஒன், டூ. அதோடு நிறுத்திக்கொண்டார். இத்தனை நாளில் எட்டுக்கு முன்னால் அவர் தானாக நிறுத்தி நான் கேட்டதில்லை.

முப்பத்து நாலு. எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு வந்தது. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை, வெறும் வயிற்றில் போவோம், மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்படியானால் கடைசியாகத் துப்பியது சனிக்கிழமை. அதையும் சேர்த்து முப்பத்து நாலு நாள் பின்னால் போனால் ஐந்து வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. ஐந்து வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை. எனக்கு மறக்குமா அந்த நாள். ஊர்கூடிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயாச வாளியோடு இவர் பந்தி பந்தியாக ஓடி முடித்து, மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து கிடந்தோம். வாழையிலை வாசம் கையில் அப்படியே இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். வழக்கம்போல அந்த இடத்தில் நின்றுபோனார். கூரையைப் பார்த்தார். அடுத்தது மோட்டார்தான் என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷன் மறுபடியும் எழுந்துபோய் அந்தக் கொல்லையில் தனியாக நிற்கக் கூடாது, சிரிக்க வைத்துவிடலாம் என்றுதான், தேவனறிய அதற்காகத்தான் சொன்னேன். "என்ன சார், விசில் ரிப்பேரா?" என்றேன். சிரித்தார். நன்றாகவே சிரித்தார், வயிறு குலுங்க. எழுந்துபோய் மோட்டாரைப் பார்க்கவும் இல்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். மறுநாள் திங்கட்கிழமை. இதோ, முதல் வரிசையில் முதல் மாத்திரை.

எனக்கு எப்போதும் வாய்தான். எங்கள் அம்மா சொல்வாள், உனக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய்கூடக் கவ்விக்கொண்டு போகும் என்று. இந்த வாய்தான் இவரைக் கவ்விப்போட்டது. இவருக்கு எப்படித் தெரிந்தது இந்த மாத்திரையின் வேலை என்று யோசிக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் யாராவது காதில் போட்டிருப்பார்கள், இல்லை போனில் தேடிப் பார்த்திருப்பார். ரொம்ப நாளாகவே தெரிந்திருக்குமோ, தெரிந்தும் விழுங்கிக்கொண்டிருந்தாரோ, நான் அந்த ஒரு சொல்லைச் சொல்கிற வரைக்கும்? என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வருகிறது. பிறகு நினைத்துப் பார்க்கிறேன், சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "கொமரு ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்கி, உங்களுக்கு உயிரு பெருசா, இது பெருசா" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதிருப்பேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார், "சில பிரஷர் மாத்திரையில, சில பேருக்கு, வீட்டுக்காரம்மாவோட சேர்ந்து இருக்கறதுல சிரமம் வரும்மா. வெளியில சொல்ல வெக்கப்பட்டு மாத்திரையை நிறுத்திடுவாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேற மாத்திரை மாத்திக் குடுப்போம், அளவைக் குறைச்சுப் பாப்போம், எத்தனையோ வழி இருக்கு. உங்க வீட்ல அப்படி ஏதாவது பிரச்சனை இருந்ததா?" எங்கள் அண்ணன் கதவருகே பையோடு நின்றுகொண்டிருந்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். மூன்றாவது இல்லை. இயேசுவை மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவியது, ஆஸ்பத்திரியில் சேவலுக்கு எங்கே போக. ஒரு வார்த்தை. டாக்டரிடம் இவர் ஒரு வார்த்தை, என்னிடம் இவர் ஒரு வார்த்தை, இவரிடம் நான் ஒரு வார்த்தை. அப்போது இவருக்கு வார்த்தை எத்தனையோ இருந்தது.

ஆனால் அந்த மூன்று வாரம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன். அசனம் முடிந்த அந்த வியாழக்கிழமைதான் நான் லேகியம் வாங்கினேன், ரெண்டாவது வாரமே எனக்கு மாற்றம் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் அரை நாள், வெளியே மழை பிடித்துக்கொண்டது, கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்தேன், இவர் கையைப் பிடித்து, "நனையட்டும்" என்றார். துணியெல்லாம் நனைந்தது. பெட்ஷீட்டுகூட நனைந்தது, மறுநாளும் காயவில்லை. அன்றைக்கு இவர் கூரையைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தழும்பில் கை வைத்து, "இது எப்ப இவ்வளவு ஆறிச்சு?" என்று கேட்டார். நான் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தேன். நாற்பத்தேழு வயதில் பூ வாங்கி வைத்தேன், சபையில் ஒருத்தி, "என்ன விசேஷம்" என்று கேட்டாள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் இவர் பாட்டை உச்சத்தில் எடுத்தார், பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். எல்லாம் என் லேகியத்தின் மகிமை என்று உள்ளுக்குள் நான் ஒரு இறுமாப்போடு பாலைக் காய்ச்சுவேன், பாலைக் குடிக்கும்போது இவரும் ஏதோ ஒரு ரகசியத்தோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார். ரெண்டு பேரும் தன்தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். நான் கையில் கொடுத்ததைத் துப்பினார், ஒளித்துக் கொடுத்ததை விழுங்கினார். அந்த மூன்று வாரத்தில் ஒவ்வொரு நாளும் இவர் தலைக்குள் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, நான் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டை உச்சத்தில் எடுத்தபோது கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேனே, அழகாக இருக்கிறது என்றல்லவா நினைத்தேன். லேகியம் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது உண்மை. நாலு மாதப் பாரம் இறங்கியது. அது இறங்கின இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் எனக்காகச் செய்தார். அந்த மூன்று வாரமும் வேண்டாம், எடுத்துக்கொள் ஆண்டவரே, இவரைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. அது போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது.

இவர் அழுகிறார். இடது கண்ணில்தான் நீர் முதலில் வந்தது. அழுகையும் சிரிப்பும் காரணமில்லாமல் வரும், பயப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். வழக்கமாக அழப் போகிற இடம், இன்றைக்கு அழவில்லை. கருப்பட்டி டின்னை நகர்த்தி அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, போர்டில், அந்த ரெண்டு மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திறந்தேன். நெய் சிக்குப் பிடித்த வாடை. "பாலு கசக்குன்னு சொன்னீங்கல்லா" என்றேன். "கருப்பட்டி இல்ல. இதைத்தான் கலந்தேன். பஜார்ல மைனி மாப்பிள்ளைக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன். இதுதான் உங்களைச் சாய்ச்சுட்டுன்னு நெனச்சு, நாலு மாசமா நான் செத்துக்கிட்டிருக்கேன்." பாட்டிலைப் பார்த்தார். மாத்திரை வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. மறுபடி அழுகை என்று நினைத்தேன், இல்லை, சிரிப்பு. பாதி வாய் சிரித்தது, மீதி வாய் தொங்கியது. எனக்கும் வந்துவிட்டது. ரெண்டு பேரும், போர்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மூச்சு முட்டச் சிரித்தோம். பவுடர் பறந்து எனக்குத் தும்மல் வந்தது. பிறகு சிரிப்பு எங்கே முடிந்து எது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, இவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விசிலுன்னு சொன்னது விளையாட்டுக்குங்க" என்றேன். "வேற ஒண்ணுமில்ல. நீங்க எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னுதான்." பிடி இறுகியது. வலுவான கை, அந்த ஒரு கை.

போனில் பத்து மணி அலாரம் அடித்தது. ஷெரின் வைத்துக் கொடுத்தது, ஏதோ ஒரு குருவிச் சத்தம். இப்போதைய மாத்திரை மஞ்சள் நிறம், டாக்டர் மாற்றித்தான் கொடுத்திருக்கிறார், நான் மூன்றாவது இல்லை சொன்ன பிறகும் மாற்றிக் கொடுத்தார், என் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ. முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் இவர் முகத்தையும் துடைத்தேன். வெந்நீர் எடுத்துவந்தேன். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். இடது கையால் எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டை ஏறி இறங்க விழுங்கினார். பிறகு வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். விரலை விட்டு இந்தக் கன்னத்தை ஒதுக்கினார், அந்தக் கன்னத்தை ஒதுக்கினார். நாலு மாதமாக, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஈ பூந்துரும் என்றேன். கண் என்மேலேயே இருக்கிறது, நான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். குனிந்தேன். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். "போதும்ங்க. இனிமே காட்ட வேண்டாம்" என்றேன். மூடவில்லை, திறந்தபடியே இருந்தார், எச்சில் தாடையில் இறங்கியது. என் உள்ளங்கையால் அந்த வாயை மெதுவாக மூடினேன், பவுடர் ஒட்டிய கை. உள்ளே உதடு அசைவது தெரிந்தது. ஒன். டூ. எட்டு முடிகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.